மாடல் ரயிலுக்கு மலையும் பாலமும்: மேல கட்டறதுக்கு முன்னாடி கீழ தோண்டுங்க

நீங்க கேட்டது இது: நாலுக்கு எட்டு அடி ப்ளைவுட் பலகைல ஹெச்ஓ ஸ்கேல்ல (நிஜத்துல 87ல ஒரு பங்கு அளவு) ஒரு நீள்வட்ட லூப் போட்டாச்சு, ரயில் நல்லா ஓடுது, இப்ப ஒரு மூலைல மலை, அதுக்குள்ள ஒரு குகை, நேர் பாதைல ஒரு பாலம் வேணும், மலையை தெர்மோகோல்ல செய்யறதா காகிதக்கூழ்ல செய்யறதா, எது நல்லது. ஆனா கேள்வியோட கடைசில போற போக்குல ஒரு வரி போட்டிருக்கீங்க, போன தடவ செஞ்ச மலை கவுத்து வச்ச சட்டி மாதிரி இருந்துச்சு, பாலம் பலகை மேல பலகை வச்ச மாதிரி இருந்துச்சுன்னு. எனக்குப் பட்டதைச் சொல்றேன், உங்க நிஜமான கேள்வி அந்தக் கடைசி வரிதான். எதுல செஞ்சாலும் சட்டி சட்டிதான், தெர்மோகோல் சட்டி இல்லன்னா காகிதச் சட்டி, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். பதினெட்டு வருஷமா ஹெச்ஓலயும் அதைவிடச் சின்ன 'என்' ஸ்கேல்லயும் லேஅவுட் (பலகை மேல கட்டற மொத்த ரயில் அமைப்பு) கட்டிக்கிட்டு இருக்கேன், எனக்காக மூணு, மத்தவங்களுக்கு கை கொடுத்தது நிறைய. இன்ஜினியரிங் படிச்சவன் இல்ல, பாலத்தைப் பத்தித் தெரிஞ்சதெல்லாம் நிஜப் பாலத்துக்கு அடில போய் நின்னு அண்ணாந்து பாத்தும் படிச்சும் தெரிஞ்சுக்கிட்டது. தோட்டத்துல வெயில் மழைல ஓடற பெரிய ஸ்கேல் ரயில் நான் கட்டினதே இல்ல, அதனால இங்க சொல்றது எல்லாம் வீட்டுக்குள்ள இருக்கற லேஅவுட்டுக்கு மட்டும்தான்.

விஷயம் என்னன்னா, நிஜத்துல மலைதான் முதல்ல இருந்தது, ரயில் பாதை அப்புறம்தான் வந்துச்சு. பாதை போட்டவங்களுக்கு குகை குடையணும், பாலம் கட்டணும்னு எந்த ஆசையும் கிடையாது, ரெண்டுமே செலவு, சுத்திப் போக வழி இருந்தா சுத்திதான் போயிருப்பாங்க. வேற வழியே இல்லாத இடத்துலதான் குடைஞ்சாங்க, வேற வழியே இல்லாத இடத்துலதான் தாண்டினாங்க. நம்ம பலகைல இது தலைகீழா நடக்குது, தட்டையான பலகை, அது மேல முதல்ல டிராக், அப்புறம் டிராக்குக்கு மேல தொப்பி மாதிரி ஒரு மலை. பாக்கறவங்களுக்கு மாடல் ரயிலப் பத்தி ஒண்ணும் தெரியாட்டியும், இந்த ரயில் ஏன் இந்த மலையச் சுத்திப் போகாம உள்ள நுழையுதுன்னு கண்ணு கேட்டுடும். பாலமும் அப்படித்தான், கீழ பள்ளமே இல்லாம பாலம் எதுக்கு? டிராக்க மேல தூக்கிப் பாலம் பண்ணலாம்னு பாப்பீங்க, அங்கதான் கணக்கு இடிக்கும்.

அந்தக் கணக்கப் போட்டுடலாம். உங்க பலகைல அதிகபட்சம் 18 அங்குல ரேடியஸ் வளைவு இருக்கும்னு வச்சுக்கறேன், அதாவது 457 மி.மீ. ரெண்டு அரைவட்டமும் சேந்து சுமார் 2.9 மீட்டர், நேர் பாதைங்க ரெண்டும் சேந்து இன்னொரு 2.6 மீட்டர், ஆக மொத்த லூப்பே அஞ்சரை மீட்டர்தான். ஹெச்ஓல ஒரு டிராக் இன்னொண்ணத் தாண்டணும்னா கீழ் டிராக்கோட தண்டவாளத்துக்கு மேல 76 மி.மீ காலியா வேணும், பாலத்தோட கனத்தையும் சேத்தா 10 செ.மீ ஏறணும். நூத்துக்கு ரெண்டுங்கற ஏத்தத்துல 10 செ.மீ ஏற அஞ்சு மீட்டர், இறங்க அஞ்சு மீட்டர். உங்ககிட்ட இருக்கறதே அஞ்சரை. நூத்துக்கு நாலு வச்சா இடம் பத்தும், ஆனா லூப்ல சமதளமே மிஞ்சாது, அதோட வளைவு தானே ஒரு பாரம், ஏத்தமும் வளைவும் சேந்தா நாலு பெட்டிக்கே இன்ஜின் சக்கரம் சறுக்க ஆரம்பிச்சிடும். ஏத்தம் ஆரம்பிக்கற இடத்துல திடீர்னு மடங்கினா பெட்டி கழண்டுக்கற கதை வேற. இதுல சந்தேகத்துக்கு இடமே இல்ல, நானே செஞ்சு பாத்துட்டு பிரிச்சுப் போட்டவன்.

அதனால டிராக்க ஏத்தாதீங்க, நிலத்தை இறக்குங்க. இப்ப இருக்கற டிராக்க மொத்தமா கழட்டுங்க (வயித்தெரிச்சலாதான் இருக்கும், தெரியும்), ப்ளைவுட் மேல 5 செ.மீ கனத்துல எக்ஸ்பிஎஸ்ங்கற அடர்த்தியான ஃபோம் ஷீட் ரெண்டு அடுக்கு ஒட்டுங்க, அதுக்கு மேல அதே டிராக்க அதே மாதிரி போடுங்க. லூப் முழுக்க ஒரே மட்டத்துல 10 செ.மீ மேல வந்துடுச்சு, ஏத்தமே கிடையாது. இப்ப உங்களுக்கு டிராக்குக்குக் கீழ வெட்ட 10 செ.மீ மண்ணு இருக்கு, நிஜ அளவுல கிட்டத்தட்ட 8.7 மீட்டர், ஒரு நல்ல ஆத்துப் பள்ளத்துக்குப் போதும். அது பத்தாதுன்னா பாலம் வர்ற இடத்துல மட்டும் ப்ளைவுட்டையே அறுத்து எடுத்துட்டு, அடிச் சட்டத்துல 20 செ.மீ கீழ ஒரு சின்னப் பலகை வச்சு அங்க ஆத்தக் கொண்டு போகலாம். சட்டத்தோட குறுக்குக்கட்டை எங்க போகுதுன்னு பாத்துட்டு அறுங்க, பாக்காம அறுத்த ஒருத்தர் வீட்டுல நான் ராத்திரி பதினோரு மணிக்கு முட்டுக் குடுத்துக்கிட்டு இருந்தேன்.

பள்ளம் வெட்டும்போது பாலத்துக்கு அடில மட்டும் ஒரு குழி வெட்டிட்டு நிறுத்திடாதீங்க, எல்லாரும் செய்யற தப்பு இது. தண்ணி எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகணும். மலை மடிப்புல ஒரு சின்ன ஓடையா ஆரம்பிச்சு, டிராக்குக்கு அடில போய், பலகையோட விளிம்பு வரைக்கும் பள்ளம் போய் முடியட்டும், விளிம்புப் பலகையையும் அந்தப் பள்ளத்தோட வடிவத்துக்கே வளைச்சு அறுத்துடுங்க. பள்ளம் டிராக்க நேர் குறுக்கா கடக்காம கொஞ்சம் சாய்வா கடந்து போனா இன்னும் நல்லா இருக்கும். மலையும் பாலமும் தனித்தனி ரெண்டு சாமான் இல்ல, மலைல இருந்து வர்ற தண்ணிதான் பள்ளம் போட்டுச்சு, அந்தப் பள்ளத்துக்குத்தான் பாலம். இது பிடிபட்டுடுச்சுன்னா எங்க எதை வைக்கணும்ங்கற பாதிக் கேள்வி தானாவே தீந்துடும்.

மலையோட உயரத்துக்கு வர்றேன். ஒரு 300 மீட்டர் குன்று, அது மலைன்னு சொல்லிக்கவே லாயக்கில்லாத உயரம், ஹெச்ஓல அதுவே 3.45 மீட்டர், கூரைல இடிக்கும். அதனால முழு மலைய யாரும் செய்யறதில்ல, மலையோட அடிவாரத்த மட்டும்தான் செய்யறோம், மிச்சம் மேல இருக்குன்னு நம்ப வைக்கறோம். சட்டி வடிவம் எங்கிருந்து வருதுன்னா, நாலு பக்கமும் இறங்கி முடியற முழு மலையா செய்யறதாலதான். பலகையோட பின் விளிம்புல மலைய இறக்கவே இறக்காதீங்க, அங்க வெட்டினாப்ல நிக்கட்டும், பின்னாடி ஒரு அட்டைல வெளிர் நீலமும் சாம்பலும் கலந்த தூரத்து மலைங்கள வரைஞ்சு நிறுத்துங்க, தொலைவு போகப்போக நிறம் வெளிறணும். உச்சி ஒண்ணா இருக்கக் கூடாது, மூணு முகடு, ஒண்ணு உசந்து ஒண்ணு தாழ்ந்து, நடுவுல மடிப்பு. அமெரிக்காவுல ஜான் ஆலன்னு ஒருத்தர் கலிஃபோர்னியாவோட மான்டரேல ஹெச்ஓல கட்டின லேஅவுட்ல தரைல இருந்து கூரை வரைக்கும் மலை, நடுவுல நடுவுல உசந்த பாலங்க, இடம் பெருசாத் தெரிய அங்கங்க கண்ணாடி. 1973ல அவர் இறந்து கொஞ்ச நாள்லயே தீ விபத்துல லேஅவுட்டும் போயிடுச்சு, படங்க மட்டும் இருக்கு. அதுல பாருங்க, ரயிலுக்கு மேல மலை எவ்வளவு உசந்து போகுதுன்னு.

குகைக்கு ஒரு தோராயக் கணக்கு இருக்கு. நிஜத்துல பொதுவா 18-20 மீட்டர் ஆழம் வரைக்கும் மேல இருந்து வெட்டிப் பாதை போட்டுடுவாங்க, அதுக்கு மேல போனாதான் குடையறது மலிவு. பாறை, மண்ணு, காலம் எல்லாத்தையும் பொறுத்து மாறும், சட்டம் இல்ல. ஆனா நமக்கு ரொம்ப உபயோகம், ஏன்னா 20 மீட்டர்னா ஹெச்ஓல 23 செ.மீ. டிராக்குக்கு மேல 12 செ.மீ மட்டும் மேடு வச்சு அதுக்குள்ள குகை விட்டா, கண்ணுக்கு அது பொய்யாத்தான் தெரியும். 25 செ.மீக்குக் குறையாம வைங்க, முடியலன்னா குகைய விட்டுட்டு ரெண்டு பக்கமும் பாறை நிக்கற ஒரு வெட்டுப்பாதையா பண்ணுங்க, எனக்கு அதுதான் குகைய விடப் பிடிக்கும், ரயில் கண்ணுல இருந்து மறையாம பாறைக்கு நடுவுல நெளிஞ்சு போறது ஒரு அழகு.

குகைன்னே முடிவு பண்ணிட்டா ரெண்டு விஷயத்துல ஏமாந்துடாதீங்க. ஒண்ணு, வளைவுல பெட்டி நீட்டும். போகிங்க (பெட்டிக்கு அடில ரெண்டு முனைலயும் இருக்கற சக்கரச் சட்டங்க) ரெண்டுக்கும் நடுவுல 20 செ.மீ இருக்கற ஒரு நீளமான கோச் 457 மி.மீ வளைவுல போகும்போது அதோட நடுப்பகுதி 11 மி.மீ உள்பக்கம் தள்ளி வரும், முனைங்க வெளிப்பக்கம் நீட்டும். வாசலை டிராக்குக்கு நட்ட நடுவுல வச்சா உள்பக்கச் சுவர்ல உரசும். உங்ககிட்ட இருக்கறதுலயே நீளமான பெட்டியோட பக்கத்துல ஒரு பென்சிலக் கட்டிவிட்டு, கையால தள்ளி, கீழ விழற கோட்ட அளவா எடுத்துக்குங்க. நான் இதச் செய்யாம ஒரு வாசல பிளாஸ்டர்ல அழகா வார்த்து, பெயின்ட் அடிச்சு, ஒட்டி, மூணு மாசம் கழிச்சு வாங்கின முதல் நீளப் பெட்டிய அதுல சொருகி மாட்டிக்கிட்டேன். ரெண்டாவது, குகைக்குள்ள ரயில் கண்டிப்பா ஒருநாள் தடம் புரளும். உள்ள பாதை பிரியற சுவிட்ச் டிராக் வைக்காதீங்க, ஜாயின்ட்ட முடிஞ்ச வரைக்கும் குறைச்சு, இருக்கறதையும் சால்டர் பண்ணிடுங்க, கை நுழையற திறப்பு ஒண்ணு கட்டாயம் வைங்க. என் கை சௌகரியமா 60 செ.மீக்கு மேல எட்டாது, உங்களுதையும் அளந்து பாத்துக்குங்க. வாசல்ல இருந்து ஒரு 15 செ.மீ உள்ள வரைக்கும் சுவர், கூரை வச்சு இருட்டு நிறம் அடிச்சாப் போதும், அதுக்கு மேல யாருக்கும் தெரியாது.

சரி, நீங்க கேட்ட பொருளுக்கு வரேன், எதுல செய்யறது. எக்ஸ்பிஎஸ்ன்னு சொல்ற அடர்த்தியான ஃபோம் ஷீட்தான் என் கைக்குப் பழகினது, கத்தில சுத்தமா வெட்டும், லேசு. சாதா தெர்மோகோல் ஆகவே ஆகாதுன்னு இல்ல, மணி மணியா உதிரும், அந்த மணிங்க நிலைமின்சாரத்துல டிராக், இன்ஜின், மீசை எல்லாத்துலயும் ஒட்டும், அது ஒண்ணுதான் தொல்லை. சூட்டுக் கம்பி வச்சு வெட்டினா உதிராது, ஆனா ஜன்னலத் திறந்து வச்சுக்கிட்டு வெட்டுங்க. ஸ்ப்ரே பண்ணா உப்பி வர்ற பாலியூரித்தேன் ஃபோம சூட்டுக் கம்பில வெட்டவே கூடாது, அந்தப் புகை விஷம், இதுல ரெண்டு கருத்தே இல்ல. கரைப்பான் கலந்த பசையும் ஸ்ப்ரே பெயின்ட்டும் தெர்மோகோலயும் எக்ஸ்பிஎஸ்ஸயும் கரைச்சுடும், தண்ணில கரையற வெள்ளைப் பசைதான் பாதுகாப்பு. ஆனா ரெண்டு ஷீட்டுக்கு நடுவுல காத்து போகாததால வெள்ளைப் பசை காய நாள் கணக்கா ஆகும், குச்சி குத்தி நிறுத்தி, மேல கனம் வச்சுட்டு வேற வேலை பாருங்க. இன்னொரு வழி, அட்டைய ரெண்டு செ.மீ அகலப் பட்டையா கிழிச்சுக் கூடை பின்ற மாதிரி பின்னி, மேல மாவுக்கட்டு போடற பேண்டேஜ நனைச்சுப் போத்தறது. உள்ள கூடா இருக்கும், குகை உள்ள வர்ற இடத்துக்கு அதுதான் வசதி. உங்க பலகைக்கு நான் சொல்றது, டிராக் மட்டத்துக்குக் கீழ ஃபோம், மேல குகை இருக்கற மலைக்கு அட்டைப் பின்னல். காகிதக்கூழும் வேலைக்கு ஆகும், ஆனா காய ரொம்ப நாள் எடுக்கும், காயும்போது சுருங்கி இழுக்கும், ஈரம் இருந்தா பூஞ்சை பிடிக்கும். ஃபோம் நல்லதா பிளாஸ்டர் நல்லதான்னு ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க, ரெண்டுலயும் அற்புதமா செஞ்சவங்களும் இருக்காங்க, சொதப்பினவங்களும் இருக்காங்க, அந்தச் சண்டைல எனக்கு ஆர்வம் இல்ல.

பிளாஸ்டர் கலக்கும்போது தண்ணில பிளாஸ்டரப் போடுங்க, பிளாஸ்டர்ல தண்ணிய ஊத்தாதீங்க, கட்டி தட்டும். சட்டுனு இறுகிப்போற அவசரம் இருந்தா துளி சிட்ரிக் ஆசிட் சேத்தா மெதுவாகும், பாத்திரத்துல பழைய காஞ்ச துணுக்கு ஒட்டியிருந்தா நேர் எதிர், சீக்கிரமே இறுகிடும். இறுகும்போது நல்லா சூடு கிளம்பும், கனமா ஊத்தி அதுல கைய அமுக்கி வைக்கற விளையாட்டெல்லாம் வேணாம், கை வெந்துடும். மேல் ஓடு 5 மி.மீ கனம் இருந்தாப் போதும், அதுக்கு மேல பாரம்தான். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டிராக் முழுக்க டேப் ஒட்டி மூடிடுங்க. தேய்க்கும்போது மாஸ்க் போட்டுக்குங்க.

இப்ப பாறை, இதுலதான் மலை மலையாகுது. கண்ட இடத்துல கத்தியால கொத்தி வச்சா அது பாறை ஆகாது, பாறைக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. படிவுப் பாறைன்னா அடுக்கு அடுக்கா இருக்கும், அந்த அடுக்கு சாயற கோணம் அந்த மலை முழுக்க ஒண்ணா இருக்கணும், ரயில் வெட்டுப்பாதைக்கு இந்தப் பக்கம் இடது சரிவா சாஞ்சா எதிர்ப் பக்கமும் அதே சாய்வுதான், ஏன்னா வெட்டறதுக்கு முன்னாடி அது ஒரே பாறை. கருங்கல்னா அடுக்கு இருக்காது, பெரிய பெரிய விரிசல், முனை மழுங்கின உருண்டைங்க. ஒரு மலைக்கு ஒரு வகையத் தேர்ந்தெடுத்துட்டு அதையே பிடிச்சுக்குங்க. அலுமினியம் ஃபாயில கசக்கி விரிச்சு அதுல பிளாஸ்டர ஊத்தினாலே சில்லு சில்லான பாறை வந்துடும், ரப்பர் அச்சு இருந்தா இன்னும் நல்லது, பாதி இறுகினதும் அச்சோட தூக்கி மலைல அமுக்கிடுங்க, மலையோட வளைவுக்கு அதுவும் வளைஞ்சு உக்காரும், ஒட்டற இடத்த முன்னாடியே தண்ணி தெளிச்சு நனைச்சுக்குங்க, இல்லன்னா காஞ்ச பரப்பு தண்ணிய உறிஞ்சி, காஞ்சதும் பேந்து வந்துடும். ஒரே அச்ச பக்கத்துல பக்கத்துல வைக்காதீங்க, திருப்பி வச்சாலும் கண்ணு பிடிச்சுடும், அதோட திருப்பினா அடுக்கோட சாய்வும் மாறிடும், அதனால உடைச்சு உடைச்சுப் பதிங்க. செங்குத்துப் பாறைக்கு அடில உதிர்ந்த கல்லு குவிஞ்சு கிடக்கணும், அந்தச் சரளைச் சரிவு சுமார் 35 டிகிரிக்கு மேல நிக்காது, நிஜத்துலயும் அப்படித்தான், மாடல்லயும் அப்படித்தான், தூவினா அதுவா அந்தக் கோணத்துல போய் நின்னுக்கும். இந்த ஒரு சரிவு இல்லாததாலதான் நிறைய மாடல் மலைங்க தரைல வச்ச சாமான் மாதிரி தெரியுது.

நிறத்துக்கு ரொம்ப சொல்ல வேண்டியதில்ல. தண்ணியா கரைச்ச காவி மஞ்சளும் பர்ன்ட் அம்பர்ங்கற அடர் பழுப்பும் அங்கங்க சிறுத்தைப் புள்ளி மாதிரி தொட்டு வச்சுட்டு, அது காயறதுக்குள்ள நீர்த்த கறுப்ப மேல தெளிச்சு விடுங்க, விரிசல்ல போய் உக்காந்துக்கும், கடைசியா உலர்ந்த தூரிகைல வெளிர் நிறத்த முனைங்கள்ல மட்டும் இழுங்க. பெயின்ட் படாத வெறும் பிளாஸ்டர் நிறத்த உறிஞ்சும், ஃபோம் உறிஞ்சாது, அதனால ஃபோம்ல செஞ்ச பாறைக்கு மேல மெல்லிசா ஒரு பிளாஸ்டர் பூச்சு குடுத்துட்டு அடிங்க. எத்தன பங்கு தண்ணின்னு கேட்டா என்னால சொல்ல முடியாது, உங்க பெயின்ட்டும் உங்க பிளாஸ்டரும் என்னுது இல்ல, ஒரு உடைஞ்ச துண்டுல அடிச்சுப் பாத்துட்டுப் போங்க, அதுவும் அந்த ரூமோட லைட்லயே. பெயின்ட் நினைச்சத விடக் கறுப்பா ஆகிடுச்சுன்னு புலம்பறவங்க பாதிப்பேர் வெயில்ல அடிச்சுட்டு மங்கலான லைட்ல வச்சவங்க.

பாலத்துக்கு வருவோம். எந்தப் பாலம்ங்கறத ரசனை முடிவு பண்றதுக்கு முன்னாடி இடைவெளி முடிவு பண்ணட்டும். கர்டர் பாலம், அதாவது ரெண்டு பக்கமும் தகடா எஃகு விட்டம் போற எளிமையானது, பொதுவா 30 மீட்டர் சுமார் வரைக்கும் சரியா இருக்கும், ஹெச்ஓல அது 34-35 செ.மீ. விட்டத்தோட உயரம் நீளத்துல பத்துல ஒரு பங்கு, பன்னெண்டுல ஒரு பங்குன்னு வைப்பாங்க, அதனால 35 செ.மீ பாலத்துக்கு மூணு மூணரை செ.மீ உயரம். போன தடவ உங்களுது பலகை மாதிரி இருந்ததுக்கு இதுதான் காரணமா இருக்கணும், ஒரு செ.மீ கனத்துல அரை மீட்டரத் தாண்டினா அது தாங்காதுன்னு யாருக்குமே தோணும், உங்க ப்ளைவுட் தாங்கும்ங்கறது வேற விஷயம். அதுக்கு மேல நீளம் போனா முக்கோணம் முக்கோணமா பின்னின ட்ரஸ் பாலம். அதுல வாரன் வகைல வெறும் முக்கோணங்க வரிசையா வரும், ப்ராட் வகைல, 1844ல காப்புரிமை வாங்கினது, குறுக்குக் கம்பிங்க ரெண்டு முனைல இருந்தும் பாலத்தோட நடுவ நோக்கிக் கீழ் முகமா சாயும், மெல்லிசான அந்தக் கம்பிங்க இழுவையத் தாங்கறதுக்காக. ஹவ் வகைல சாய்வு நேர் எதிர், அதுல அந்தச் சாய்வுக் கட்டைங்க அமுக்கத்தத் தாங்கறதால மரத்துல செய்ய வசதி. கிட் வாங்கி ஒட்டும்போது பக்கச் சட்டத்த தலைகீழா ஒட்டிட்டா ப்ராட் ஹவ்வா மாறிடும், மெல்லிசு கம்பி அமுக்கத்துல நிக்கும், தெரிஞ்சவங்க ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சுச் சிரிப்பாங்க. தொங்கு பாலம் ஆசையா இருக்குன்னு நிறைய பேர் கேப்பாங்க, ரயில் பாரத்துக்கு அது நெளியும், அதனால ரயில் ஓடற தொங்கு பாலம் ரொம்ப அபூர்வம், விட்டுடுங்க.

உங்க நேர் பாதைல பாலம் வைங்க, வளைவுல வேணாம்னு சொல்லத்தான் வந்தேன், ஆனா வளைவுப் பாலத்து மேலதான் எல்லாருக்கும் ஆசை, எனக்கும்தான். அதனால சொல்றேன், எஃகு விட்டத்தப் பொதுவா வளைக்க மாட்டாங்க. வளைவுல நிஜத்துல குட்டை குட்டையா நேர் விட்டங்கள தூணுக்குத் தூண் வச்சு, அது மேல டிராக் மட்டும் வளைஞ்சு போகும். கல்லு வளைவுப் பாலம்னா தூண்களையே வளைவா நிறுத்தலாம். சுவிட்சர்லாந்துல இருக்கற லேண்ட்வாசர் பாலத்த எல்லாரும் படத்துல பாத்திருப்பீங்க, ஒரு முனை நேரா செங்குத்துப் பாறைல இருக்கற குகை வாய்க்குள்ள போய் சொருகும். 1902ல கட்டி முடிச்சது, 136 மீட்டர் நீளம், 65 மீட்டர் உயரம், ஆறு கல் வளைவு, டிராக்கோட வளைவு ரேடியஸ் 100 மீட்டர், குறுகின மீட்டர் கேஜ் பாதை. அத ஹெச்ஓ அளவுல பாருங்க: உயரம் 75 செ.மீ, நீளம் 1.56 மீட்டர், ரேடியஸ் 1.15 மீட்டர். நிஜத்துல மிரட்டற வளைவுன்னு சொல்ற அதுவே நம்ம 457 மி.மீக்கு முன்னாடி ரெண்டரை மடங்கு தாராளம். நம்ம வளைவு நிஜத்துல 40 மீட்டர் ரேடியஸ் ஆகுது, எந்தப் பெரிய ரயிலும் அதுல திரும்பாது. இதுக்காக மனசு விட வேண்டாம், வளைவ மறைக்கற வித்தைதான் மலை, ரொம்ப இறுக்கமான இடத்தக் குகைக்குள்ள விட்டுட்டு நேர் பாதையப் பாலத்துக்குக் குடுங்க. உங்க மூலை மலையோட உபயோகமே அதுதான்.

மரக்கால் பாலம் பண்ண ஆசைன்னா, கால் சட்டங்கள ஒரு அட்டைல படம் வரைஞ்சு, குச்சிய அதுல பொருத்தி ஒட்டற மாதிரி ஒரு அச்சு பண்ணிக்குங்க, எல்லாச் சட்டமும் ஒண்ணா வரும். 12 அங்குல சதுர மரம் ஹெச்ஓல 3.5 மி.மீ, சட்டத்துக்குச் சட்டம் 15 அடின்னா 5.25 செ.மீ, நடுக் கால்ங்க செங்குத்து, வெளிக் கால்ங்க மட்டும் கொஞ்சம் அகட்டி நிக்கணும். பொறுமை தேவை, அதத் தவிர இதுல கஷ்டம் ஒண்ணும் இல்ல.

பாலம் நம்பும்படியா இருக்கறதும் இல்லாததும் அதோட முனைலதான். விட்டம் போய் மண்ணுல சொருகக் கூடாது, ரெண்டு கரைலயும் கல்லுலயோ கான்கிரீட்லயோ ஒரு தாங்கு சுவர், மண்ணு சரியாம பிடிச்சுக்க அதுல இருந்து ரெண்டு பக்கமும் இறக்கைச் சுவர், அதோட தோள்ல ஒரு சின்ன மேடை, அது மேலதான் விட்டம் உக்காரும். அந்த உக்கார்ற இடத்துலயும் ஒரு முனை அசையாம இருக்கும், இன்னொரு முனை உருளை மேல நகர்ற மாதிரி இருக்கும், ஏன்னா 30 மீட்டர் எஃகு 30 டிகிரி சூடேறினா ஒரு செ.மீ நீளும். மாடல்ல ரெண்டு மி.மீ குச்சிய நாலு வெட்டி வச்சாப் போதும், யாரும் கவனிக்க மாட்டாங்க, ஆனா இல்லன்னா ஏதோ குறையுதுன்னு தோணும். ஆத்துக்குள்ள நிக்கற தூணோட மேல்நீர்ப் பக்கம் கூராவோ வட்டமாவோ இருக்கணும், தூண் மேல போகப்போக லேசா ஒடுங்கணும். விட்டப் பாலத்து மேல ஸ்லீப்பர் கட்டைங்க நெருக்கமா இருக்கும், பொதுவா ஜல்லி இருக்காது, கல்லு வளைவுப் பாலத்து மேல ஜல்லி இருக்கும். ரெண்டு தண்டவாளத்துக்கும் உள்பக்கம் இன்னும் ரெண்டு காவல் தண்டவாளம் போகும், தடம் புரண்ட சக்கரம் ஓரத்துக்குப் போகாம பிடிக்கறதுக்கு. மாடல்ல அத ஓடற தண்டவாளத்த விட மயிரிழை தாழ்வா வைங்க, இல்லன்னா டிராக் துடைக்கும்போது துணி மாட்டும்.

எத முதல்ல செய்யறதுன்னா, டிராக்க பள்ளம் வெட்டறதுக்கு முன்னாடியே நேரா போட்டு ஒரு வாரம் ரயில ஓட்டிப் பாருங்க, பாலத்து மேல ஜாயின்ட் வராம ஒரே நீள ஃப்ளெக்ஸ் டிராக்கா (வேணுங்கறபடி வளைச்சுக்கற நீளத் துண்டு) இருக்கட்டும். அப்புறம் டிராக்க அசைக்காம அதுக்கு அடில இருக்கற ஃபோம மட்டும் வெட்டி எடுங்க, அதுவரைக்கும் தொய்யாம இருக்க ஒரு அலுமினியப் பட்டைய மேல கட்டி வச்சுக்கலாம். தாங்கு சுவர ரசமட்டம் வச்சு ஒட்டிட்டு, பாலத்த அடில இருந்து சொருகுங்க. நான் பாலத்த ஒட்டறதே இல்ல, ரெண்டு முனைலயும் ஒரு ஆணி முளைல உக்கார வச்சுடுவேன், தூசி தட்ட, பெயின்ட் அடிக்க, கைதவறி உடைச்சத சரி பண்ண எடுத்துக்கலாம். பாரம் ஒரு பிரச்சினையே இல்ல, மாடல் இன்ஜின எந்தப் பாலமும் தாங்கும், மரச் சட்டம் ஈரப்பதத்துக்கு ஊதிச் சுருங்கறதுதான் பாலத்தோட முனைல அரை மி.மீ படி உண்டாக்கும், தடம் புரள்ற இடம் அதுதான், விரல வச்சு தடவிப் பாத்தாலே தெரியும்.

செடி, மரம், தண்ணி எல்லாம் கடைசி. மண்ணு தூவறதுக்கு முன்னாடி ஒரு காந்தத்த அந்த மண்ணுல விட்டுக் கிளறுங்க, இயற்கை மணல்ல இரும்புத் துகள் இருக்கும், அது மோட்டார்ல போய் ஒட்டினா இன்ஜின் காலி. நீர்த்த வெள்ளைப் பசைல பாத்திரம் கழுவற சோப்பு ஒரு சொட்டு விட்டா மண்ணுக்குள்ள இறங்கும், இல்லன்னா மேலயே முத்து முத்தா நிக்கும். ஆத்துக்கு ரெசின் ஊத்தறதா இருந்தா அடில ஊசி நுழையற ஓட்டை கூட இல்லாம அடைச்சுட்டு, மெல்லிசு மெல்லிசா அடுக்கா ஊத்துங்க, அடைக்காம ஊத்தினா விடியறதுக்குள்ள ஆறு மொத்தமும் பலகைக்குக் கீழ தரைல கெட்டியாகி இருக்கும்.

உங்க பலகை சுவர ஒட்டி இருக்கா, சுத்தி வர முடியுமான்னு நீங்க எழுதல, குகையோட திறப்பு அத வச்சுத்தான். பின்னாடி போக வழி இருந்தா மலையோட முதுக மொத்தமா திறந்தே விட்டுடுங்க. சுவர ஒட்டி இருந்தா மலையோட மேல் பாதிய மூடி மாதிரி கழட்டற மாதிரி பண்ணணும், அந்த வெட்டுக் கோட்ட பாறையோட அடுக்குல ஒளிச்சுடலாம். டிராக்க கழட்டறதுக்கு முன்னாடி பலகைய மேல இருந்து ஒரு படமும், அடில இருக்கற சட்டத்த ஒரு படமும் எடுத்துப் போடுங்க, பள்ளத்த எந்தப் பக்கம் விடலாம்னு அதப் பாத்துட்டுச் சொல்றேன்.